வதிவிடம் எண்டு ஆர் போடச் சொன்னது?

பாரிசிலை எங்கட ஆக்களின்ர கடைத்தெரு லாச்சப்பல். அங்கை, செத்த ஆக்களின்ர படம் ஒட்டாத கடை எது எண்டு தேடினால் கண்டுபிடிக்கிறது கஷ்டம். மரக்கறிக்கடைக் கதவிலை, ரெலிபோன் கடைக் கண்ணாடியிலை, சாப்பாட்டுக்கடையிலை விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலை எண்டு எங்கை பார்த்தாலும் மரண அறிவித்தல்தான். முருங்கைக்காய் வாங்க வந்த சனம் வாசலிலை நிண்டு, ஆர் போனது, எந்த ஊர், பிள்ளையள் எந்தெந்த நாட்டிலை எண்டு ஒரு வரி விடாமல் வாசிச்சுப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகும். அந்த நோட்டீசுகளிலை அரைவாசி நான் ரைப் பண்ணினது. பதினேழு வருஷமாய் ரூ லூயி-பிளாங் தெருவுக்குப் பக்கத்திலை ஒரு அச்சகத்திலை வேலை செய்யிறன். கலியாணக் காட், சாமத்தியவீட்டுக் காட் எல்லாம் அடிக்கிறம்தான், ஆனால் கடை ஓடுறது செத்தவீட்டாலை.

செத்தவீடு எண்டு கோல் வந்தால் நான் நாலு கேள்விதான் கேட்பன். பிறப்பிடம் எது, வதிவிடம் எது, பிள்ளையள் எத்தினை பேர், அவை எந்த நாடு. இந்த நாலும் கிடைச்சால் மிச்சம் தன்பாட்டிலை வரும். 'இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட' எண்டு தொடங்கினால் கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பன். எங்கட கடையிலை இன்னொரு பழக்கமும் இருக்கு. பிறப்பிடம் கறுப்பிலை, சின்னனாய் வரும். வதிவிடம் சிவப்பிலை, கொழுத்த எழுத்திலை வரும். ஆக்களுக்கு அதுதான் பிடிக்கும். பாரிசுக்கு வெளியிலை, ஸ்தேனிலை, லிஃப்ட் வேலை செய்யாத கட்டிடத்திலை பதினோராம் மாடியிலை மூச்சு வாங்கிச் செத்த மனிசனுக்கும் 'பிரான்ஸ்' எண்டு சிவப்பிலை வரவேணும். வராட்டி மகன்காரன் சண்டைக்கு வருவான். நானும் ஸ்தேனிலைதான் இருக்கிறன், அதாலை சொல்லுறன்.

எங்கட பெரிய கலர் மெஷினைத் திருத்த வாறவர் ஒரு பலஸ்தீனக்காரர். என்ர வயசு இருக்கும். தலை முழுக்க நரை. மெஷினைக் கழட்டி விரிச்சுப்போட்டு, மீன் கட்லட்டை ஒரு கையிலை வைச்சுக் கடிச்சுக்கொண்டு மற்றக் கையாலை திருத்துவார். முதன்முதல் வந்த நேரம் கண்ணாடியைப் பார்த்து, "இவ்வளவு பேரும் தேர்தலிலை நிக்கினமோ?" எண்டு பிரெஞ்சிலை கேட்டார். செத்த ஆக்கள் எண்டு சொன்னன். கையிலை இருந்த கட்லட்டை வைச்சிட்டார். "அப்ப நீங்களும் எங்களை மாதிரித்தான். எங்கடையும் சுவரிலைதான் ஒட்டுறது" எண்டார்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு மனிசரைக் கண்டால் பேர் கேட்க முதல் ஊர் கேட்பம். அவரையும் கேட்டன். ஒரு ஊரின்ர பேர் சொன்னார். எப்ப வெளிக்கிட்டனீங்கள் எண்டு கேட்டால், தான் அந்த ஊரைக் கண்ணாலையும் காணேல்லையாம். பிறந்தது அகதி முகாமிலையாம். எனக்குத்தான் வாய் சும்மா கிடக்காதே. "காணாத ஊர் எப்பிடி உங்கட ஊர் ஆகும்?" எண்டு முகத்துக்கு நேரை கேட்டன். அவர் ஸ்குரூவை முறுக்கிக்கொண்டே, "உங்கட மகள் எந்த ஊர்?" எண்டார். "யாழ்ப்பாணம்!" எண்டு பட்டெண்டு சொன்னன். "எத்தினைதரம் போனவ?" எண்டு கேட்டார். என்ர மகள் நான் தமிழிலை கேட்டால் பிரெஞ்சிலை பதில் சொல்லுற பிள்ளை, ஊருக்கு ஒருக்காலும் போகேல்லை. நான் எழும்பித் தேத்தண்ணி போடப் போனன். அவர் மெஷினுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு சிரிச்சது எனக்குக் கேட்டது. அண்டையிலை இருந்து அந்த மனிசனை எனக்குப் பிடிக்கும்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினுக்குக் கோதாரி பிடிச்சு, எந்தத் தாளை அடிச்சாலும் நடுவாலை ஒரு சிவப்புக் கோடு விழுந்தது. அவரைக் கூப்பிட்டன், வந்தார். அண்டைக்குக் கட்லட்டும் இல்லை, பகிடியும் இல்லை. நாப்பது நிமிசம் குனிஞ்ச தலை நிமிராமல் வேலை செய்தார். கோடு போச்சுது. பின்னுக்குப் போய்க் கையைக் கழுவி, ஒரு தாளிலை துடைச்சு, அந்தத் தாளை நாலாய் மடிச்சுக் குப்பையிலை போட்டுட்டு என்ர மேசைக்கு முன்னாலை வந்து நிண்டார்.

"மதாம், எனக்கும் ஒண்டு அடிச்சுத் தருவீங்களோ? என்ர அம்மாவுக்கு."

"ஏன், அம்மாவுக்குப் பிறந்தநாளோ?" எண்டு கேட்டன். இந்த வாயை என்ன செய்ய?

"இல்லை. நேற்றுச் செத்துப்போனா."

ஐயோ எண்டு எழும்பினன். நேற்றுச் செத்த தாயை நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு எங்கட கோதாரிக் கோட்டைத் துடைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறார் மனிசன். முதல் சொல்லியிருக்கலாமே எண்டு பேசினன். வேலையை முடிச்சிட்டுச் சொல்லுவம் எண்டு நினைச்சவராம். போகேல்லையோ எண்டு கேட்டன். போகேலாதாம். எல்லையிலை வைச்சுத் திருப்பி விடுவாங்கள், இல்லாட்டி உள்ளை விட்டுட்டுத் திரும்ப வெளியிலை விடமாட்டாங்கள் எண்டார். தம்பியார் அங்கை அடக்கம் செய்து முடிச்சாச்சு. அவர் அதை ரெலிபோனிலை பார்த்தவர்.

"வெள்ளிக்கிழமை எங்கட ஆக்கள் கொஞ்சப்பேர் லெ பிளாங்-மெனிலுக்கு, என்ர வீட்டை வருவினம். அதுக்கு முதல் வேணும். அரபியிலை நான் எழுதித் தாறன். தமிழிலையும் போடுங்கோ. இந்தத் தெருவிலை எனக்கு பதினைஞ்சு வருஷப் பழக்கம். உங்கட ஆக்களும் அறியட்டும்."

நான் பேனையை எடுத்து வழக்கமான நாலு கேள்வியையும் கேட்டன். பிறந்த ஊர் எனக்குத் தெரியும், எண்டாலும் எழுத்துக்கூட்டி எழுதினன். பிள்ளையள் ஆறு பேர். ஒருவர் ஜேர்மனி, ஒருவர் குவைத், ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள் யோர்தான், இவர் பிரான்ஸ், கடைசித் தம்பி மட்டும் அங்கை. எங்கட ஆக்களுக்குக் கனடா, சுவிஸ், லண்டன் எண்டு போடுற மாதிரித்தான். அம்மா எங்கை இருந்தவ எண்டு கேட்டன். "முகாமிலை இருந்தவ. போன மாரிக்கை ஆமி வந்து முகாமிலை இருந்த எல்லாரையும் எழுப்பிக் கலைச்சுப்போட்டுது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்திலை, பிறகு தம்பி எடுத்த ஒரு வாடகை அறையிலை" எண்டார். நான் வதிவிடம் எண்டு போட்டு, அதுக்கு நேரை முகாமின்ர பேரை எழுதினன். படம் ஒண்டு அனுப்பிவிட்டார். ஒரு காட்டுக்கை, மர மேசைக்கு முன்னாலை இருந்து, ரொட்டியைப் பிச்சுக்கொண்டு கமராவை முறைச்சுப் பார்க்கிறா ஒரு மனிசி. பிக்னிக் போன இடத்திலை எடுத்த படம் எண்டு நினைச்சன்.

அண்டைக்குப் பின்னேரம் வேறை வேலை ஒண்டையும் தொடேல்லை. அரபி எழுத்தைக் கொம்பியூட்டர் துண்டுதுண்டாய்ப் பிரிச்சு, போதாக்குறைக்கு இடம் வலம் மாத்தியும் போட்டுது. கடைசியிலை அதை ஒரு படமாய் எடுத்து ஒட்டினன். எங்கட நோட்டீசிலை தன்பாட்டிலை வாற குத்துவிளக்கை அழிச்சன். 'ஓம் சாந்தி'யையும் அழிச்சன். மூலையிலை ஒரு பிள்ளையார் இருந்தவர், அவரைக் கடைசி நிமிசத்திலைதான் கண்டனான். நல்லகாலம். முகாமின்ர பேரை மட்டும் போட்டால் குறைவாய் இருக்கும் எண்டு நினைச்சு, 'மேற்குக் கரை' எண்டும் சேர்த்து, சிவப்பிலை, கொழுத்த எழுத்திலை போட்டன். வடிவாய்த்தான் வந்தது. வீட்டை போகேக்கை கார் து நோர் ஸ்ரேசனிலை ட்ரெயினுக்கு நிண்டுகொண்டு ரெலிபோனிலை எடுத்து எடுத்துப் பார்த்தன், அவ்வளவு திருப்தி.

புதன்கிழமை காலமை கடை திறக்க முதலே வந்து நிண்டார். தாளை மேசையிலை விரிச்சு, பெரிய ஆள் மாதிரி வரிவரியாய்ப் பிரெஞ்சிலை சொல்லிக்கொண்டு போனன். சிவப்பு வரிக்கு வந்ததும் அவர் விரலை வைச்சார்.

"இது என்ன?"

"உங்கட அம்மா இருந்த இடம். முகாம்."

"ஏன் சிவப்பு? ஏன் இவ்வளவு பெரிசு?"

எங்கட ஆக்களுக்கு அதுதான் பெருமை, ஆர் எங்கை போய்ச் சேர்ந்தவை எண்டு ஊர் அறியவேணும் எண்டு விளங்கப்படுத்தினன். சொல்லச் சொல்ல அவற்ர முகம் மாறிக்கொண்டு வந்தது. கத்தியிருந்தாலும் பரவாயில்லை, நானும் ரெண்டு கத்தியிருப்பன். அவர் மெல்லமாய்த்தான் கதைச்சார்.

"முகாமிலை இருந்தவ எண்டு சொன்னன். அது அவவின்ர இடம் எண்டு சொன்னனானோ? மதாம், எழுபது வருஷத்துக்கு மேலை அந்த வீட்டிலை மாபிள் போட விடேல்லை அவ. நாங்கள் காசு அனுப்பினனாங்கள், தம்பி சாமான் இறக்கினவன், அவ திருப்பி அனுப்பிப்போட்டா. ஒரு மரம் நிலத்திலை வைக்கேல்லை. வைச்சதெல்லாம் எண்ணெய்த் தகரத்துக்குள்ளை. தூக்கிக்கொண்டு போகலாம் எண்டு. போன மாரிக்கை ஒலிபெருக்கியிலை எல்லாரையும் வெளிக்கிடச் சொன்ன நேரம், புல்டோசர் கிண்டின சேத்துக்குள்ளாலை தம்பி அவவைச் சில்லுக் கதிரையிலை வைச்சுத் தள்ளிக்கொண்டு போனவன். பக்கத்து வீட்டுக்காரி வீடு போச்சுதே எண்டு அழுதவவாம். அம்மா அவவைப் பேசினவ. 'வீட்டை விட்டு நான் ஒருக்காத்தான் வெளிக்கிட்டனான், அது ஆறு வயசிலை. இது வீடில்லை, அழாதை' எண்டு."

அவர் படத்திலை விரலை வைச்சார்.

"இது பிக்னிக் எண்டு நினைச்சனீங்களோ? இதுதான் ஊர். முந்தி ஒருக்கா அனுமதி கிடைச்சு, ஒரு நாளைக்குப் போனவ. ஊரிலை ஒரு சுவரும் இல்லை. பைன் மரம் நட்டு, மேசை போட்டு வைச்சிருக்கிறாங்கள், சனம் ஞாயிற்றுக்கிழமையிலை வந்து சாப்பிட. அம்மா அங்கையும் இங்கையும் நடந்து பார்த்திட்டு இந்த மேசையிலை இருந்தவ. 'எங்கட குசினி இதிலைதான் இருந்தது' எண்டுபோட்டு, கொண்டுபோன ரொட்டியை அதிலை வைச்சுச் சாப்பிட்டவ. காவலாளி வந்து நேரமாச்சு எண்டு சொன்னவன். என்ர குசினியிலை நான் சாப்பிட உனக்கென்ன நேரம் எண்டு கேட்டவவாம்."

பிறகு சொன்னார்: "இதை இப்பிடி ஒட்டினால், கடைசியிலை அவவை முகாமுக்குக் குடியேத்தினது நான்தான் எண்டு வரும். அவங்களாலை செய்விக்க ஏலாததை நான் லாச்சப்பலிலை செய்தன் எண்டு வரும்."

செருப்பாலை அடிச்ச மாதிரி இருந்தது. அவருக்காக மட்டும் இல்லை. ஏன் எண்டு சொல்லுறன். எனக்கு ஊர் யாழ்ப்பாணத்திலை வலிகாமம் வடக்கு, சுருக்கமாய் வலி வடக்குப் பக்கம். தொண்ணூறாம் ஆண்டு ஆமி வரேக்கை வெளிக்கிட்டனாங்கள். ஊரைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சு, உயர் பாதுகாப்பு வலயம் எண்டு பேர் வைச்சாங்கள். கன காலத்துக்குப் பிறகு அங்கை ஒரு தெரு, இஞ்சை ஒரு தெரு எண்டு விட்டாங்கள். எங்கட வீடு வளவு இண்டைக்கும் கம்பிக்கு உள்ளைதான். அம்மா நலன்புரி முகாமிலையும், பிறகு மானிப்பாயிலை ஆரோவின்ர வீட்டுப் பின்னறையிலையும் இருந்து செத்தவ. பன்னிரண்டு வருஷமாச்சு. அந்த நோட்டீசை இதே கொம்பியூட்டரிலை நான்தான் அடிச்சனான். முகாம் எண்டு போட எனக்கு வெக்கமாய்க் கிடந்தது, சனம் என்ன நினைக்கும் எண்டு. 'மானிப்பாயை வதிவிடமாகவும்' எண்டு போட்டன். நல்ல இடம், ஆக்கள் மதிப்பினம். அதுவும் சிவப்பிலை. என்ர அம்மா செத்த அண்டும் ஊருக்கு எப்ப விடுவாங்கள் எண்டு கேட்டுக்கொண்டுதான் கண்ணை மூடினவ. ஆமி கேட்காமலே எங்கட வளவை நான் எழுதிக் குடுத்திட்டன் எண்டு அப்பதான் விளங்கிச்சுது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆமியிலை கொஞ்சம், என்னிலைதான் கூட.

தாளை அவருக்கு முன்னாலையே கிழிச்சன். "இருங்கோ" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்ப அடிக்கத் தொடங்கினன். பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் அதே ஊர். அதுக்குக் கீழை, 'ஆறு வயதில் பலவந்தமாக வெளியேற்றப்பட்டு, வீடு திரும்ப அனுமதிக்கப்படாமல், அண்மையில் முகாமிலிருந்தும் வெளியேற்றப்பட்டவருமான' எண்டு போட்டு, பிரெஞ்சிலை வாசிச்சுக் காட்டினன். சரி எண்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி அண்ணை உள்ளை வந்தார்.

முதலாளி நல்ல மனிசன், தீவுப்பக்கத்து ஆள். ஆனால் பயந்தவர். பொலிஸ்காரன் ஒருவன் கோப்பி குடிக்கப் பக்கத்துக் கடைக்குப் போனாலும் இவர் கல்லாவை விட்டு எழும்பி நிப்பார். திரையைப் பார்த்தார். பிறகு அந்த ஊரின்ர பேரைத் தன்ர ரெலிபோனிலை போட்டுத் தேடினார். காடு ஒண்டு வந்தது, வேறை பேரோடை.

"பிள்ளை, ஊரே இல்லையே. கடையின்ர சட்டம் உனக்குத் தெரியும். விசாக் கார்த்திலை, பிறப்புச் சேர்ட்டிபிக்கட்டிலை என்ன கிடக்கோ அதுதான் பிறப்பிடம்."

அந்தச் சட்டம் உண்மைதான். ஒருக்கா அண்ணனும் தம்பியும் தேப்பன்ர ஊர் எது எண்டு கடைக்குள்ளை அடிபட்டதிலை வந்த சட்டம்.

"அண்ணை, வலி வடக்கை அந்த முப்பது வருஷத்துக்குள்ளை ரெலிபோனிலை போட்டுத் தேடியிருந்தால் என்ன வந்திருக்கும்? முள்ளுக்கம்பி வந்திருக்கும். அப்ப அது ஊரில்லையோ? நான் எந்த ஊர்?"

"உன்னோடை கதைச்சு வெல்ல ஏலாது. இது அரசியல். எங்களுக்கே ஆயிரம் பிரச்சினை. கடைக்குள்ளை அரசியல் வேண்டாம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "கண்டறியாத அரசியல்! மே மாசம் நினைவுநாள் ஊர்வலத்துக்கு இந்த மெஷினிலை எத்தினை ஆயிரம் நோட்டீஸ் அடிக்கிறியள்? வெள்ளைக்காரன் வாங்கி வாசிக்கேல்லை, ஆருக்கும் எங்களிலை இரக்கமில்லை எண்டு வந்திருந்து அழுறியள். அது அழுகை, இது அரசியலோ? இந்த மனிசன் தாய் செத்த அடுத்த நாள் வந்து உங்கட மெஷினைத் திருத்தினவர். திருத்தின மெஷினிலை தாயின்ர ஊர் ஓடாதோ?"

முதலாளி அவரைத் திரும்பிப் பார்த்தார். தாய் செத்தது அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. நாங்கள் தமிழிலை கத்தினது ஒண்டும் விளங்காமல் அந்த மனிசன் பையைத் தோளிலை போட்டுக்கொண்டு கதவடியிலை நிண்டார். தன்னாலை சண்டை எண்டு மட்டும் விளங்கியிருக்கு. "வேண்டாம் மதாம், நான் வேறை இடத்திலை பார்க்கிறன்" எண்டார்.

"நீங்கள் ஒரு இடமும் போகத் தேவையில்லை" எண்டு பிரெஞ்சிலை சொன்னன். தமிழிலை முதலாளிக்குச் சொன்னன்: "அண்ணை, இது ஓடாட்டி நானும் ஓடமாட்டன். நாளைக்கு மூண்டு செத்தவீடு, ஒரு அந்தியேட்டிக் கல்வெட்டுப் புத்தகம் கிடக்கு. நீங்களே இருந்து அடியுங்கோ." அவருக்குத் தமிழ் ரைப் பண்ணத் தெரியாது. எனக்கும் வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

முதலாளி அந்த மனிசனிட்டைப் போய்க் கையைப் பிடிச்சு, பிரெஞ்சிலை அனுதாபம் சொன்னார். திரும்பி என்னட்டை வந்து, "அடி. ஆனால் கண்ணாடிக்கு வெளிப்பக்கமாய் ஒட்டு. ஆரும் கேட்டால் ஆரோ ஒட்டிப்போட்டுப் போயிட்டினம் எண்டு சொல்லலாம்" எண்டார். நான் ஓம் எண்டு தலையை ஆட்டினன். அடிச்சு முடிச்சு உள்பக்கமாய்த்தான் ஒட்டினன். வெளியிலை ஒட்டினால் கிழிப்பாங்கள். பிறப்பிடமும் வதிவிடமும் ரெண்டும் ஒரே அளவு, ரெண்டும் சிவப்பு.

அவர் வெளியிலை நிண்டு முழுக்க வாசிச்சார். பிறகு என்னைக் கூப்பிட்டு, தமிழைச் சத்தமாய் வாசிக்கச் சொல்லி ரெலிபோனிலை பதிஞ்சு தம்பியாருக்கு அனுப்பினார். ரோட்டிலை போற சனம் நிண்டு விடுப்புப் பார்க்குது, நான் வாசிக்கிறன். ஊரின்ர பேர் வந்த வரி முடிய அவர் கையைக் காட்டி மறிச்சார். "இன்னொருக்கா அந்த வரியை" எண்டார். இன்னொருக்கா வாசிச்சன். வெள்ளிக்கிழமைக்கு ஐம்பது தாள் கொண்டுபோனார்.

அடுத்த மாசம் என்ர அம்மாவின்ர ஆண்டு நினைவு வந்தது. வழக்கமாய்ப் பழைய நோட்டீசிலை வருஷத்தை மட்டும் மாத்தி ஒட்டிவிடுவன். இந்தமுறை புதுசாய் அடிச்சன். மானிப்பாயை எடுத்தன். ஊரைப் பிறப்பிடமாகவும் ஊரையே வதிவிடமாகவும் போட்டு, 'வீடு திரும்ப அனுமதிக்கப்படாமல்' எண்டும் போட்டன். கனடாவிலை இருக்கிற அண்ணர் கோல் எடுத்துப் பேசினார், சனம் சிரிக்கும், அம்மா மானிப்பாயிலை இருந்தது ஊருக்கே தெரியும் எண்டு. "இருந்தவ அண்ணை. வீடு அங்கை இல்லை" எண்டன். பிறகு, தனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னார், ரொறொன்ரோவிலை ஒட்ட. ரெண்டு தாய்மாரையும் பக்கத்திலை பக்கத்திலை ஒட்டினன்.

முப்பத்தோராம் நாள் முடிய நோட்டீசைக் கழட்டுறது எங்கட வழக்கம். கழட்டாட்டிச் செத்தவீட்டு நோட்டீஸ் பழசாய்த் தொங்குது எண்டு சொல்லுவினம், கடைக்கும் கூடாது. முதலாளி நாள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். "பிள்ளை, உந்தப் பலஸ்தீன அம்மாவின்ர முப்பத்தொண்டு எப்பவோ போச்சுது. உன்ர அம்மாவின்ர ஆண்டும் முடிஞ்சு போச்சுது. இண்டைக்கு எடுத்துவிடு" எண்டார். நியாயம்தான். சின்ன ஏணியை எடுத்துக்கொண்டு போனன்.

அந்த நேரம் கண்ணாடிக்கு வெளியிலை ஒரு மனிசி, மரக்கறி வண்டிலை இழுத்துக்கொண்டு, நிண்டு வாசிச்சுக்கொண்டு நிண்டா. மாமனாற்ர செத்தவீட்டுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தவ. உள்ளை வந்ததும் தன்ர அலுவலைச் சொல்லேல்லை.

"அக்கா, உதிலை ரெண்டுபேருக்கும் பிறந்ததும் இருந்ததும் ஒரே ஊராய்க் கிடக்கு. உந்த அம்மா வலி வடக்கு, அது விளங்குது. மற்ற அம்மாவின்ர ஊர் எவடத்தை? நான் கேள்விப்படேல்லை."

"பலஸ்தீனம். வலி வடக்கு என்ர அம்மா" எண்டு சொன்னன்.

அவ திரும்ப வெளியிலை போய், வண்டிலை ஒரு பக்கம் விட்டுட்டு, அந்த நோட்டீசை முதல் வரியிலை இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சா. மகன் ஜேர்மனி, மகள் யோர்தான் எண்டு விரலை வைச்சு வைச்சு வாசிச்சதைக் கண்டன். உள்ளை வந்து, வலி வடக்கு ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் எங்கை கண்டாலும் முதல் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டா:

"அவையின்ர ஊரையும் ஆமி இன்னும் விடேல்லையோ?"

"விடேல்லை."

"உங்கடை?"

"அதுவும் விடேல்லை."

"அப்ப ஏன் அக்கா ஏணியோடை நிக்கிறியள்?" எண்டா.

முதலாளி கல்லாவிலை இருந்து தலையை நிமித்தினார். என்னையும் பார்த்தார், அவவையும் பார்த்தார். எழும்பி வந்து ஏணியை மடிச்சு, தானே பின்னுக்குக் கொண்டுபோய் வைச்சார்.